விசென்டர் மேம்படுத்தல் பாதியில் நின்றால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

இரவு பத்தரைக்குத் தொடங்கினால் அதிகாலைப் பல்லவன் புறப்படுவதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் உட்காருகிறோம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நான் பார்த்துக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களும் (ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேர் சர்வர்கள்) அவற்றை ஆளும் ஒரு விசென்டரும்தான் இருக்கின்றன. விசென்டரும் அப்படி ஓடும் ஒரு மெய்நிகர் கணினிதான். ஓரிடத்தில் அந்தச் சர்வர்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில், ஒரு காலத்தில் நெல் கொட்டிவைத்த அறையில் ஓடுகின்றன. சுவரின் கனத்தால் வெயில் உள்ளே ஏறாது. அதே கனத்தால் கைபேசி சிக்னலும் ஏறாது. நள்ளிரவில் வேலை நின்றுபோனால் யாரையாவது கேட்பதற்கு முகப்புவரை நடந்து வரவேண்டும். அப்படி நடந்து நடந்து சேர்த்த குறிப்புகள் இவை.

விசென்டர் 7.0 பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் 7.0இலிருந்து 8.0க்குப் போவதையே மனத்தில் வைத்து எழுதுகிறேன். 6.7இலிருந்தும் 8.0க்கு நேராகப் போகலாம். 6.5 வைத்திருப்பவர்கள் நடுவில் ஒரு படி ஏறித்தான் வரவேண்டும்.

எந்தப் பிழையானாலும் முதல் கேள்வி: பழையது அணைந்துவிட்டதா?

விசென்டரின் பெரிய மேம்படுத்தல் என்பது இருக்கும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது அல்ல. பக்கத்து மனையில் புது வீடு கட்டிக் குடிபோவது. முதல் கட்டத்தில், நிறுவி (இன்ஸ்டாலர்) ஒரு புதிய விசென்டரைத் தற்காலிக ஐபி முகவரியோடு எழுப்புகிறது. இரண்டாம் கட்டத்தில், பழையதிலிருந்து தரவை எடுக்கிறது, பழையதை அணைக்கிறது, அதன் பெயரையும் ஐபியையும் புதியதற்குக் கொடுக்கிறது, பிறகு தரவை உள்ளே இறக்குகிறது.

ஆகவே பழையது அணையும் நொடிதான் எல்லைக்கோடு. அதற்கு முன் எது உடைந்தாலும் உங்களுக்கு நட்டம் தூக்கம் மட்டுமே. புதியதை அணைத்து அழித்துவிட்டு, காரணத்தைச் சரிசெய்து, மறுபடி தொடங்கலாம். அதற்குப் பிறகு உடைந்தால் திரும்பும் வழி உண்டு. ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எதையும் அழிக்காதீர்கள். ஒரு முறை என் உதவியாளர் முகப்பிலிருந்து அழைத்தான். "அண்ணே, விசென்டர் போய்விட்டது. பழையதை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவட்டுமா?" என்றான். "தம்பி, கையை மவுஸிலிருந்து எடு" என்றேன். பழையது நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் புதியதன் தற்காலிக முகவரியைப் பார்த்துப் பதறியிருந்தான்.

இன்னொன்று, முதலாளிக்குச் சொல்லவேண்டிய செய்தி. விசென்டர் இல்லாவிட்டாலும் மெய்நிகர் கணினிகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு சர்வர் விழுந்தால் அதிலிருந்தவற்றை மற்றதில் எழுப்பும் எச்ஏ வசதியும் சர்வர்களுக்குள்ளேயே இயங்குகிறது. ஓடும் கணினியைச் சர்வர் மாற்றும் விமோஷன், சுமையைப் பார்த்து அதைத் தானாகவே செய்யும் டிஆர்எஸ் போன்றவைதான் நிற்கும். காலையில் பில் போடும் கணினி இயங்குமா என்று அவர் கேட்டால், இயங்கும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

தொடங்குவதற்கு முன் ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள்: பழைய விசென்டர் எந்த இஎஸ்எக்ஸ்ஐ சர்வரில் ஓடுகிறது, அந்தச் சர்வரின் ஐபி என்ன, ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) கடவுச்சொல் என்ன. விசென்டர் அணைந்த பிறகு இதை விசென்டரிடம் கேட்க முடியாது. டிஆர்எஸ்ஸை முழுத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் வேலை நடுவே அது விசென்டரை வேறு சர்வருக்கு நகர்த்திவிடும், நிறுவி பழைய இடத்தில் தேடிக்கொண்டிருக்கும். ஒன்றோடொன்று தகவலைப் பகிரும் இணைப்பு முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட விசென்டர் இருந்தால், எல்லாவற்றையும் ஒருசேர அணைத்துத்தான் ஸ்னாப்ஷாட் (அந்த நொடி நிலையின் பதிவு) எடுக்கவேண்டும். ஓடும்போது தனித்தனியாக எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், அவற்றுக்குள் கணக்கு ஒத்துவராது.

அறிகுறி: முதல் கட்டத்தில் வலையமைப்பைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் நமக்கு வேண்டியது இல்லை

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் இதில் ஒரு முறை முட்டிக்கொள்வார்கள். பழைய விசென்டர் விநியோக சுவிட்சின் (எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவாக விசென்டர் ஆளும் மெய்நிகர் சுவிட்ச்) ஒரு போர்ட் குரூப்பில், அதாவது அதன் போர்ட்களின் ஒரு தொகுப்பில்தான் இருக்கிறது. நிறுவியின் பட்டியலில் மட்டும் அது வருவதில்லை.

காரணம் எளிது. விநியோக சுவிட்சில் வழக்கமான போர்ட் குரூப்புகள் ஸ்டாட்டிக் பைண்டிங் முறையில் இருக்கும். எந்த மெய்நிகர் கணினிக்கு எந்தப் போர்ட் என்று ஒதுக்குவது விசென்டரின் வேலை. விசென்டர் இல்லாத நேரத்திலும் புதிய விசென்டருக்கு ஒரு போர்ட் வேண்டும் என்றால், எபிமரல் வகைப் போர்ட் குரூப் தேவை. அதை இஎஸ்எக்ஸ்ஐ சர்வரே ஒதுக்கிக்கொள்ளும். அதனால் நிறுவி மற்றவற்றைக் காட்டுவதே இல்லை.

தீர்வு: நிறுவியை மூடுங்கள். பழைய விசென்டரில் அதே விஎல்ஏஎன் (வலையமைப்புப் பிரிவு) எண்ணோடு எபிமரல் வகையில் ஒரு புதிய போர்ட் குரூப்பை உருவாக்குங்கள். மறுபடி தொடங்கினால் பட்டியலில் வந்துவிடும். இதை நான் வேலை முடிந்த பிறகும் அழிப்பதில்லை. என்றைக்காவது விசென்டரைக் காப்புப்பிரதியிலிருந்து மீட்க நேர்ந்தால் அன்றைக்கும் இதே கதவு வேண்டும்.

அறிகுறி: முதல் கட்டம் 80 சதவீதத்தில் உறைந்து நிற்கிறது

முன்னேற்றக் கோட்டை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. நேராக அந்த இஎஸ்எக்ஸ்ஐ சர்வருக்குள் உலாவி வழியாகப் போய், புதிய விசென்டரின் கன்சோலை (அதன் திரையை) திறந்து பாருங்கள். தற்காலிக ஐபி வந்திருக்கிறதா? கேட்வே சரியா? நிறுவி ஓடும் மடிக்கணினியிலிருந்து அந்த ஐபிக்கு பிங் போகிறதா? பெரும்பாலும் இங்கேதான் விடை இருக்கும். தற்காலிக ஐபியை வேறு யாரோ, பெரும்பாலும் ஒரு பிரிண்டரோ கேமராவோ, பிடித்துக்கொண்டிருக்கும். அல்லது மடிக்கணினி வைஃபையில் வேறொரு வலையமைப்பில் இருக்கும். மேம்படுத்தலைக் கம்பி இணைப்பில்தான் செய்யவேண்டும்; பழைய வீட்டுச் சுவர்களுக்குள் வைஃபையை நம்புவது வம்பை விலைக்கு வாங்குவது.

கன்சோலில் எல்லாம் முடிந்ததாகத் தெரிந்து, நிறுவியின் சாளரம் மட்டும் தொடர்பை இழந்திருந்தால், முதலிலிருந்து தொடங்கவேண்டாம். உலாவியில் புதியதன் முகவரியை 5480 போர்ட்டோடு கொடுங்கள். இரண்டாம் கட்டத்தை அங்கிருந்தே தொடரலாம்.

அறிகுறி: பழைய விசென்டரிலிருந்து தகவல் பெற முடியவில்லை என்கிறது

இரண்டாம் கட்டத்தின் வாசலிலேயே வரும் செய்தி இது. மூன்று இடங்களைப் பார்க்கவேண்டும்: பழையதில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) திறந்திருக்கிறதா, நடுவில் ஃபயர்வால் ஏதும் 22, 443 போர்ட்களை மறிக்கிறதா, ரூட் கடவுச்சொல் உயிரோடு இருக்கிறதா.

மூன்றாவதில்தான் நான் அதிகம் மாட்டியிருக்கிறேன். விசென்டரின் ரூட் கடவுச்சொல் இயல்பாக 90 நாளில் காலாவதியாகும். அன்றாட வேலைக்கு ரூட் தேவைப்படாததால் யாருக்கும் தெரிவதில்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போவது இந்தச் சீமையின் பழைய வழக்கம். அன்றைக்குப் பெட்டகச் சாவி பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனது. இன்றைக்கு ரூட் கடவுச்சொல் சிங்கப்பூருக்குப் போகிறது. எனக்கு முன்னால் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணன் அங்கேதான் இருக்கிறார். இங்கே நள்ளிரவு என்றால் அங்கே இரண்டரை மணி. எழுப்பிக் கேட்டேன், பாவம், சொன்னார். அந்தக் கடவுச்சொல் சரிதான், ஆனால் காலாவதியாகி மூன்றாண்டு ஆகியிருந்தது.

சொல் தெரிந்தும் காலாவதி என்றால், பழையதன் கன்சோலில் நுழையும்போதே மாற்றச் சொல்லும்; மாற்றிக்கொள்ளலாம். சொல்லே தெரியாது என்றால், முதலில் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, பழைய விசென்டரை மறுதொடக்கம் செய்து, ஃபோட்டான் (விசென்டரின் இயங்குதளம்) சின்னம் தோன்றும் நொடியில் இ விசையை அழுத்தி, துவக்க வரியைத் திருத்தி, பாஷ் என்ற கட்டளை வரி வழியாக உள்ளே போய்ப் புதிய கடவுச்சொல் வைக்கலாம். அந்தச் சின்னம் இரண்டு மூன்று நொடிதான் தெரியும். விட்டுவிட்டால் முழுத் துவக்கமும் முடியும்வரை காத்திருந்து மறுபடி முயலவேண்டும். நான் நான்காவது முறையில் பிடித்தேன். இரண்டு முறையிலும், மாற்றிய கையோடு 5480 பக்கத்தில் காலாவதி நாளைச் சரிபாருங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கும் இதே 90 நாள் கணக்கு உண்டு.

அறிகுறி: முன்சோதனை சிவப்புக் காட்டி நிற்கிறது

இதைத் தடை என்று நினைக்காதீர்கள். எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்கு முன் கிடைக்கும் இலவச மருத்துவப் பரிசோதனை இது. அடிக்கடி வருபவை நான்கு.

பெயர். விசென்டரின் முழுப் பெயர் ஐபியாக மாறவேண்டும். ஐபி மறுபடி அதே பெயராக மாறவேண்டும். முன்னோக்கிய பதிவை எல்லோரும் போட்டுவிடுகிறோம், பின்னோக்கியதை மறந்துவிடுகிறோம். டிஎன்எஸ் சர்வரில் (பெயரையும் ஐபியையும் மாற்றித்தரும் சர்வர்) பிடிஆர் என்ற அந்தப் பின்னோக்கிய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு வேடிக்கை: முதல் டிஎன்எஸ் அலுவலகத்தினுடையது, இரண்டாவதாக யாரோ 8.8.8.8 என்று கொடுத்திருப்பார்கள். நம் வீட்டுப் பெயர் கூகுளுக்கு எப்படித் தெரியும்? அதை எடுத்துவிடுங்கள். விசென்டர் முதன்முதலில் எந்தப் பெயரில் நிறுவப்பட்டதோ அந்தப் பெயரைப் பிஎன்ஐடி என்று உள்ளே வைத்திருக்கிறது. அதுவும் இப்போதைய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடுகூடச் சண்டையாகும்.

இடம். பழையதில் லாக் பகுதி நிறைந்திருக்கும். விசென்டரின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வட்டு என்பதால் அதை மட்டும் பெரிதாக்கலாம். ஆனால் ஸ்னாப்ஷாட் இருக்கும்போது வட்டு பெரிதாகாது, முதலில் அதை நீக்கவேண்டும். பழைய, சுருக்கப்பட்ட லாக் கோப்புகளையும் கோர் பகுதியில் கிடக்கும் பழைய கோப்புகளையும் அழிப்பதே பல நேரம் போதும். ஆர்க்கைவ் பகுதி நிரம்பியிருப்பதைக் கண்டு பதறவேண்டாம், அதன் இயல்பே அது. புதியதற்கும் இடம் பாருங்கள்: மிகச் சிறிய அளவான டைனியே 8.0இல் 2 விசிபியு, 14 ஜிபி நினைவகம், 579 ஜிபி வட்டு கேட்கும். தேவைக்கேற்ப வட்டை நிரப்பும் தின் முறையைத் தேர்ந்தால் அத்தனையும் உடனே பிடிக்காது.

சான்றிதழ். 8.0, எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறையில் கையொப்பமிட்ட சான்றிதழ்களை ஏற்காது. காலாவதியானவற்றையும் ஏற்காது. பழையதிலேயே சர்டிஃபிகேட் மேனேஜரை இயக்கினால் எண்ணிட்ட பட்டியல் வரும். உலாவிக்குக் காட்டும் மெஷின் எஸ்எஸ்எல் ஒன்றுதான் கெட்டிருந்தால் 3, எல்லாம் கெட்டிருந்தால் 8. எட்டை எடுத்தவுடன் அழுத்துகிறவர்கள் உண்டு. விசென்டரோடு பேசும் பேக்கப் மென்பொருளெல்லாம் மறுபடி அறிமுகம் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள். உள்நுழைவுச் சேவையான எஸ்டிஎஸ்ஸின் சான்றிதழ் தனி வகை. 6.5 அப்டேட் 2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் புதிதாக நிறுவிய சிலவற்றில் அதற்கு இரண்டாண்டே ஆயுள். பார்ப்பதற்குச் செக்எஸ்டிஎஸ், சரிசெய்வதற்கு ஃபிக்ஸ்எஸ்டிஎஸ் என்று தனி ஸ்கிரிப்ட்கள் இருக்கின்றன.

நேரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் நேரம் தன் பெயரில் வராது. ஓரிடத்தில் சான்றிதழ் செல்லாது என்று ஒரு பிழை. இரண்டு மணி நேரம் சான்றிதழ்களையே புரட்டினேன். எல்லாம் சரி. பிறகுதான் தற்செயலாக இஎஸ்எக்ஸ்ஐ சர்வரின் கடிகாரத்தைப் பார்த்தேன். முந்தைய வாரம் இடியும் மழையுமாக மின்சாரம் போய், யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டு, சர்வர் அணைந்து எழுந்திருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் சிறு பேட்டரியும் ஓய்ந்துபோயிருந்தது. கடிகாரம் பல மாதம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி இணையத்திலிருந்து, அந்த இணைய இணைப்பும் அந்த வாரம் முழுவதும் அறுந்து கிடந்தது. அந்தக் கடிகாரத்தின்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, செல்லாது என்று சொன்னது நியாயம்தான்.

ஆகவே சான்றிதழ் பிழை எதுவானாலும், முதலில் மூன்று கடிகாரங்களை ஒப்பிடுங்கள்: பழைய விசென்டர், புதியது ஏறும் இஎஸ்எக்ஸ்ஐ, நிறுவி ஓடும் மடிக்கணினி. மூன்றுக்கும் ஒரே என்டிபி கொடுங்கள். இணையத்தை நம்பாமல் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் ஒன்றானால் நல்லது.

அறிகுறி: தரவு எடுப்பது முடிவதே இல்லை, அல்லது நடுவில் தோற்கிறது

இரண்டாம் கட்டத்தில் என்னென்ன கொண்டுபோகவேண்டும் என்று ஒரு கேள்வி வரும்: அமைப்புகளும் பட்டியலும் மட்டுமா, நிகழ்வுகளும் பணிகளும் சேர்த்தா, செயல்திறன் எண்களும் சேர்த்தா? குடிபோகும்போது பரணில் கிடக்கும் உடைந்த குத்துவிளக்கையும் கட்டி எடுத்துப் போகிறவர்கள் மூன்றாவதைத் தேர்வார்கள். தணிக்கைக்கு வேண்டும் என்ற நிலை இல்லாவிட்டால் முதலாவது போதும். நேரமும் மிச்சம், தோற்கும் வாய்ப்பும் குறைவு.

அப்படியும் தோற்றால், புதியதன் உள்ளே லாக் அடைவில் விஎம்வேர், அதற்குள் அப்கிரேட் என்று இறங்குங்கள். எந்தப் பகுதி தோற்றது என்று அங்கே இருக்கும். இறக்கும்போது தோற்றிருந்தால் ஃபர்ஸ்ட்பூட் அடைவில் அந்தச் சேவையின் பெயரிலேயே கோப்பு கிடைக்கும். கோப்பின் கடைசி வரியை விட, முதன்முதலில் பிழை என்று வரும் வரியைத் தேடுங்கள். கடைசி வரி எப்போதும் விளைவைத்தான் சொல்லும்.

அறிகுறி: புதியது எழுந்துவிட்டது, உலாவியில் 503 அல்லது நோ ஹெல்தி அப்ஸ்ட்ரீம் என்று வருகிறது

பதினைந்து நிமிடம் எழுந்து போய்க் காப்பி குடியுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். இடைமுகச் சேவை கடைசியில்தான் எழும். பாதி பேர் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் மறுதொடக்கம் செய்து தாமாகவே சிக்கலை உண்டாக்குகிறார்கள். திரும்பி வந்தும் அப்படியே இருந்தால், உலாவியின் மறைமுகச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பாருங்கள். உலாவி பழைய சான்றிதழை நினைவில் வைத்துக்கொண்டு அடம்பிடிக்கலாம். அதுவும் இல்லையென்றால் 5480 பக்கத்தில் சேவைகளின் நிலையைப் பாருங்கள். விசென்டரின் முதன்மைச் சேவையான விபிஎக்ஸ்டி விழுந்திருந்தால் அதன் லாக். எஸ்டிஎஸ் விழுந்திருந்தால் மறுபடி கடிகாரமும் சான்றிதழும்.

அறிகுறி: உள்ளே போய்விட்டோம், ஆனால் இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்கள் பதில் சொல்லவில்லை என்று சாம்பல் நிறத்தில் நிற்கின்றன

ஒவ்வொரு சர்வரும் பத்து நொடிக்கு ஒரு முறை யுடிபி 902 போர்ட் வழியாக விசென்டருக்குத் துடிப்பு அனுப்புகிறது. அறுபது நொடி அது வராவிட்டால், பதிலில்லை என்று விசென்டர் குறித்துக்கொள்ளும். இணைத்தவுடன் பச்சையாகி, ஒரு நிமிடத்தில் மறுபடி சாம்பலானால், 902 மறிக்கப்படுகிறது என்று அடித்துச் சொல்லலாம்.

ஐபி மாறவில்லையே, ஃபயர்வால் ஏன் மறிக்கிறது என்று கேட்பீர்கள். ஐபி அதேதான், எம்ஏசி (வலையமைப்பு அட்டையின்) முகவரி புதியது. சிறிய அலுவலகங்களில் ஃபயர்வாலில் ஐபியையும் எம்ஏசியையும் முடிச்சுப்போட்டு வைக்கிறார்கள். வாசல் எண் அதே, ஆனால் கதவைத் திறக்கும் முகம் வேறு, காவலாளி விடமாட்டான். முடிச்சில் புதிய எம்ஏசியைப் பதியுங்கள். ஒரு சர்வர் மட்டும் ஏறவே மறுத்தால் அதன் பதிப்பைப் பாருங்கள்: 8.0 விசென்டர் 6.7க்குக் கீழுள்ள இஎஸ்எக்ஸ்ஐயை ஆளாது.

உரிமம் பற்றி ஒரு வரி. 7க்கான உரிமச் சாவி 8இல் செல்லாது; 60 நாள் சோதனை உரிமத்தில் ஓடும். பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டது. சாவி கையில் வராமல் மேம்படுத்த உட்காராதீர்கள்.

திரும்பிப் போகவேண்டும் என்று முடிவெடுத்தால்

ஒழுங்கு இதுதான். முதலில் புதியதை அணையுங்கள், முழுதும் அணைந்ததா என்று பாருங்கள். இரண்டும் ஒரே பெயர், ஒரே ஐபியோடு ஒரே நேரத்தில் ஓடக்கூடாது. பிறகு, அந்தக் காகிதத்தில் எழுதிவைத்த இஎஸ்எக்ஸ்ஐ சர்வருக்குள் நேராகப் போய்ப் பழையதை இயக்குங்கள். எம்ஏசி முடிச்சை மாற்றியிருந்தால் அதையும் பழையபடி மாற்றுங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகப் பயனர் கணக்குகளின் பொது அடைவு) சேர்ந்திருந்தால், மறுபடி சேர்க்கவேண்டி வரலாம். சர்வர்கள் துண்டாகித் தெரிந்தால் ஒவ்வொன்றாக வலது கிளிக் செய்து இணையுங்கள்.

மேம்படுத்தல் வென்றிருந்தாலும் பழையதை உடனே அழிக்கவேண்டாம். அதன் வலையமைப்பு அட்டையைத் துண்டித்து, பெயரோடு தேதியைச் சேர்த்து, அணைத்தே வையுங்கள். 7.0இல் எடுத்த கோப்புவழிக் காப்புப்பிரதியை அதே பில்டு எண்ணுள்ள 7.0இல்தான் மீட்க முடியும் என்பதால் பழைய ஐஎஸ்ஓவும் (நிறுவல் கோப்பு) வட்டில் இருக்கட்டும். பேக்கப் மென்பொருள் புதிய விசென்டரின் சான்றிதழை ஏற்று ஒரு முழு இரவு ஓடி, அதிலிருந்து ஒரு மெய்நிகர் கணினியையாவது மீட்டுப் பார்த்த பிறகு பழையதை அழித்தால் போதும்.